பாதையில் இல்லாதவள்

ஆள் நடந்து நடந்துதான் பாதை உண்டாகிறது. புல் தேய்ந்து, மண் இறுகி, ஐப்பசி மழையிலும் பச்சை பிடிக்காத ஒரு கோடு காட்டுக்குள் கிடக்கும். அதை ஒற்றையடிப்பாதை என்கிறோம். யாரும் திட்டமிட்டுப் போட்டதில்லை. தேவை இருந்தவர்களின் கால்கள் போட்டது. சட்டமும் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. வக்கீல்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று சொல்லும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அடுத்தவர் நிலத்தின் வழியாக ஒருவர் வெளிப்படையாக, தகராறு இல்லாமல், தன் உரிமை என்ற நினைப்போடு, இடையறாமல் 20 ஆண்டுகள் போய்வந்திருந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகிவிடும். நிலம் அரசுடையது என்றால் 30 ஆண்டுகள். இங்கிலாந்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பாதையில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்திருந்தால், நிலத்துக்காரர் மாறான எண்ணத்தைக் காட்டியிருந்தால் ஒழிய, அதைப் பொதுவழி என்றே கொள்ள வேண்டும் என்கிறது அங்குள்ள 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். அத்தகைய வழிகளை வரைபடத்தில் ஏற்றிக் காப்பது உள்ளாட்சிகளின் கடமை என்று 1949லேயே அங்கே விதித்துவிட்டார்கள்.

நல்ல சட்டங்கள்தான். நடப்பவர் பக்கம் நிற்கிற சட்டங்கள். ஆனால் வெளிப்படையாக, உரிமையோடு, இடையறாமல் என்ற மூன்று சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. பெண்கள் அப்படியா நடந்திருக்கிறார்கள்?

வீட்டில் கழிப்பறை இல்லாத காலத்தில் நம் கிராமத்துப் பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் கருவேலங்காட்டுக்குப் போய்வந்த வழிகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகள். ஆண்கள் அந்தப் பக்கம் பார்க்காததுபோல் போக வேண்டும், பெண்கள் அந்தப் பக்கம் போகாததுபோல் போக வேண்டும் என்பது ஊரின் எழுதாத ஒப்பந்தம். எந்தப் புலப்படத்திலும் அவை இருக்காது. மறைந்து நடந்தால் உரிமை வராது என்பது சட்டத்தின் அடிப்படை. அனுமதி பெற்று நடந்தாலும் வராது; அனுமதி கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் நடையில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிட்டு, அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிறகு மாமியாரிடம் ஒரு காரணம் சொல்லிவிட்டு. இடையறாமை பற்றிச் சொல்லவே வேண்டாம். பூப்பெய்தியதும் ஓர் அறுப்பு, திருமணத்தில் ஓர் அறுப்பு, பேறுகாலத்தில் ஒன்று, கணவன் செத்தால் இன்னொன்று. 20 ஆண்டுகள் ஒரே தெருவில் தடையின்றித் தன் விருப்பத்துக்கு நடந்த பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்தத் தர்க்கம் நீதிமன்றத்தோடு நின்றுவிட்டால் எனக்கு இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. ஓர் உள்ளாட்சி நடைபாதை போடும்போதும், பூங்கா அமைக்கும்போதும், ஏரிக்கரையைச் சீர்படுத்தும்போதும் இதே தர்க்கம்தான் வேலை செய்கிறது. எங்கே ஆட்கள் நடக்கிறார்களோ அங்கே பாதை. எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனைக்கு விளக்கு, அத்தனைக்குப் பெஞ்சு. இருப்பவர்களை எண்ணித் திட்டம் போடுவது நியாயமாகத்தான் தோன்றுகிறது. வராதவர்களை எப்படி எண்ணுவது? அவர்களுக்குப் பொதுப்பணத்தைச் செலவழிக்கும் கடமை ஒரு நகராட்சிக்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியைத்தான் இங்கே பிடித்துக்கொள்ள நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் நடப்பவரைப் பற்றி அரசு யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றது அந்தக் கொள்கை. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. இவை எல்லாம் வரவேற்க வேண்டியவை. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல் 2012 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூட்டுவலியோடு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் உயர நடைபாதையில் ஏறி இறங்கும் நம் அம்மாக்களுக்கு அந்த 15 சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

ஆனால் 8 கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பத்தாயிரம் அடி, வேகமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை தனக்கென்று ஒன்றரை மணி நேரம் வைத்திருக்கும் பெண் யார்? அந்த நேரத்தில் அவள் பால் காய்ச்சி, தண்ணீர் பிடித்து, இரண்டு டிபனும் மூன்று டப்பாவும் கட்டிக்கொண்டிருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாதையில் மருத்துவ முகாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைதான் பல வீடுகளில் கறி எடுக்கும் காலை, மசாலா அரைக்கும் காலை. இதை யோசிக்க எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, ஒரு அடுப்பங்கரை அனுபவம் போதும். கணக்கெடுத்தால் அந்தப் பாதையில் ஆண்கள் அதிகம் இருப்பார்கள். அந்தக் கணக்கை வைத்து அடுத்த பாதை போடப்படும்.

ஆற்றுப்படை இலக்கியம் நடத்தும்போது மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுப்பது வழக்கம். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்புகிறவர் எதிரே வருகிறவருக்கு வழி சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. தான் நடந்துவந்த வழியைத்தான் சொல்ல முடியும் என்பது அதன் அழகு. மலைபடுகடாம் வெறுமனே திசை காட்டுவதில்லை. எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், புனம் காப்பவர்களின் கவண்கல் எங்கிருந்து பாயும் என்று எச்சரித்துக்கொண்டே போகிறது. நீங்களும் ஒரு ஆற்றுப்படை எழுதுங்கள், உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் புதிதாக வரும் ஒரு பெண்ணுக்கு வழி சொல்லுங்கள் என்பேன்.

அவர்கள் எழுதிக்கொண்டு வருவதைப் படிக்கும்போது மலைபடுகடாம் எவ்வளவோ சாதுவான நூல் என்று தோன்றும். டாஸ்மாக் இருக்கும் முக்கில் எதிர்ப்பக்கம் மாறிவிடு. மூடிய தியேட்டர் மதிலை ஒட்டிப் போகாதே, அங்கே நின்று சிறுநீர் கழிப்பார்கள், திரும்பியும் நிற்பார்கள். டீக்கடைப் பெஞ்சு நிரம்பியிருந்தால் போனைக் காதில் வைத்துக்கொள். பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தால் அந்தச் சந்தில் போகலாம், இல்லையென்றால் சுற்றிப் போ. ஒருத்தியிடம் கேட்டேன், "ரேஷன் கடை ரோட்டுல வந்தா அஞ்சு நிமிஷம்தானே, ஏன் இப்படிச் சுத்தி வர்றீங்க?"

"அது ரோடும்மா," என்றாள். "வழி இல்ல."

எந்த நகரமைப்புப் பாடத்திலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அரசு ரோடு போட்டிருக்கிறது, தார் இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, வரைபடத்தில் அது பொதுவழி. ஆனால் அவளுக்கு அது வழி இல்லை. அவளுடைய வழி அந்த ரோட்டைத் தவிர்த்து மூன்று தெரு சுற்றி வருகிறது. அந்தச் சுற்றுக்கான பத்து நிமிடத்தை அவள் தினமும் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறாள். ரேஷன் கடை ரோட்டில் நின்று தலை எண்ணுகிற அலுவலருக்கு அவள் தெரியவே மாட்டாள்.

நம் இலக்கியத்தில் வழி பற்றிய விவாதங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை அவளிடம் கேட்கப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் மூன்று வழிகளையும் மாங்காட்டு மறையோன் விரிவாக விளக்குகிறான், கோவலனுக்கு. கவுந்தியடிகள் பதில் சொல்கிறார். கூடவே நடந்துவரும் கண்ணகியிடம் எந்த வழியில் போகலாம் என்று யாரும் கேட்கவில்லை. முன்பு புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததுமே அவள் கேட்டது ஒன்றுதான், மதுரை எங்கே இருக்கிறது என்று. முப்பது காத தூரத்தைப் பக்கத்தில்தான் என்று சொல்லிவிடுகிறான் கணவன். அக இலக்கியத்திலோ இற்செறிப்பு என்று ஒரு சொல்லே இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி ஓட்டியவள், தோழியரோடு அருவியில் ஆடியவள், ஒரு நாள் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். அதன் பிறகு அவளுக்கு மிஞ்சுவது உடன்போக்கு, அதாவது ஒரேயடியாகச் சுரம் தாண்டிப் போய்விடுவது. வீட்டுக்கும் பாலை நிலத்துக்கும் நடுவில், மாலையில் சற்றுக் காலாற நடந்துவிட்டு வருவதற்கு ஓர் இடம் அவளுக்கு இல்லை.

இற்செறிப்பைத் தமிழருக்கே உரியது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1990களில் வியன்னா நகரத்தின் பூங்காக்களில் குழந்தைகளைக் கவனித்தவர்கள், ஒன்பது வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போவதைக் கண்டார்கள். பையன்களின் எண்ணிக்கை அப்படிக் குறையவில்லை. யாரும் பெண்பிள்ளைகளைத் துரத்தவில்லை, தடைப்பலகை எதுவும் இல்லை. திறந்த மைதானம் முழுவதையும் பந்து விளையாட்டு எடுத்துக்கொண்டது, போட்டி போட்டு இடம் பிடிக்க வேண்டியிருந்தது, பெண்பிள்ளைகள் மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். நகராட்சியில் ஏவா காய்ல் போன்ற பெண் திட்டமிடுநர்கள் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. பொதுவெளி யாருக்குச் சொந்தம் என்று கேட்டு 1991லேயே ஒரு கண்காட்சி நடத்தியவர் அவர். 1999இல் இரண்டு பூங்காக்களை எடுத்து மாற்றி அமைத்தார்கள். பெரிய திடலைச் சிறு சிறு இடங்களாகப் பிரித்தார்கள், உள்ளே போகவும் வெளியேறவும் வழிகளைக் கூட்டினார்கள், விளக்கும் உட்காரும் இடமும் வைத்தார்கள், கூடைப்பந்து தவிர வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நான் கவனிப்பது முடிவை விடத் தொடக்கத்தைத்தான். இல்லாமையை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டார்களே, அதை. பத்து வயதுப் பெண் பூங்காவில் இல்லை என்றால் அவளுக்குப் பூங்கா பிடிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கலாம். நம் ஊரில் அப்படித்தான் எழுதுவார்கள். "லேடீஸ் யாரும் வர்றதில்லைங்க" என்பது எத்தனை அலுவலகங்களில் எத்தனை கோரிக்கைகளை முடித்துவைத்த வாக்கியம்! வராததற்கு விருப்பமின்மைதான் காரணம் என்று முடிவுகட்டும் உரிமையை யார் கொடுத்தது? பொது என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால், வராதவருக்கும் அதில் பங்கு உண்டு. வந்தவர்கள் அனைவரின் கூட்டுத்தொகை பொது ஆகிவிடாது. அவள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதும் இல்லை. வேண்டாம் என்று அவளே சொல்லும் நிலை வரும்வரை, அவள் இல்லாததற்குக் காரணம் சொல்ல வேண்டிய பொறுப்பு பாதையைப் போட்டவருடையது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பெண்ணியவாதிகள் பலர் அவசரமாகத் தாண்டிப்போகும் சிக்கல். பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பயம். உடனே அரசுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. கேமரா, கேட், காவலாளி, எட்டு மணிக்குமேல் அனுமதி இல்லை. பெண்ணின் அச்சம் மனுவில் ஏறியதும் சுவராக மாறிவிடுகிறது. அந்தச் சுவர் யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தால், வீடில்லாமல் பெஞ்சில் படுப்பவர், குடிசைப் பகுதிப் பையன்கள், நடைபாதையில் கடை போட்டிருப்பவர். கடைசியில் எட்டு மணிக்குமேல் வர ஆசைப்பட்ட பெண்ணும்.

அச்சம் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அச்சத்தைப் பெண்ணுக்கு இலக்கணமாகவே எழுதிவைத்த மரபு நம்முடையது. நாணத்தோடும் மடத்தோடும் சேர்த்து அதைத் தொல்காப்பியமே சொல்கிறது. குணமாகக் கற்பித்துப் பழக்கிய ஒன்றை, பிறகு அவளே சொன்ன தகவல் என்று வாங்கித் திட்டம் போட்டால் அதில் யாருடைய குரல் இருக்கும்? யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதையும் வீடுதான் கற்றுக்கொடுக்கிறது. சேரிப் பக்கம் போகாதே என்று எச்சரிக்கும் அதே வீட்டுக்குள், சித்தப்பாவைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. சாதி தன் எல்லைகளைக் காக்கப் பெண்ணின் அச்சத்தை விடச் சிறந்த வேலியைக் கண்டுபிடிக்கவில்லை.

வழி மறுக்கப்படுவது என்றால் என்ன என்று நம் மாநிலத்தில் தலித் மக்களிடம்தான் கேட்க வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தில் இருந்ததால், இறந்தவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. பொதுத் தெருக்களில் எந்த வகுப்பாரும் நடக்கலாம் என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது 1924இல். இடையில் 95 ஆண்டுகள். அந்த ஊர்வலத்தில் வராதவர்களை யாரும் பயந்தவர்கள் என்று சொல்லவில்லை. அவர்களுக்கு வழி அடைக்கப்பட்டது என்று சரியாகவே சொன்னார்கள். பெண்கள் விஷயத்தில் மட்டும் அடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய், அவள் மனத்துக்குள் இருக்கும் பயம் மட்டும் தெரிகிறது.

எனவே உள்ளாட்சிகள் அச்சத்தைக் கணக்கெடுக்க வேண்டாம் என்கிறேன். இல்லாமையைக் கணக்கெடுக்கட்டும். இந்தத் தெருவில் மாலை ஏழு மணிக்கு அறுபது வயதுப் பெண் எத்தனை பேர், பள்ளிச் சிறுமி எத்தனை பேர், சக்கர நாற்காலியில் எத்தனை பேர், காலனியிலிருந்து எத்தனை பேர், இல்லையென்றால் ஏன் என்று கேட்கட்டும். அச்சத்திலிருந்து தொடங்கினால் யாரை வெளியேற்றலாம் என்று மனம் போகும். இல்லாமையிலிருந்து தொடங்கினால் யாரை வரவைக்கலாம் என்று போகும். என் மாணவிகளின் ஆற்றுப்படைகளில் திரும்பத் திரும்ப வந்த அடையாளம் பூக்கார அம்மா. நடைபாதையை நடப்பதற்கு மீட்கிறோம் என்று அவரை அப்புறப்படுத்தினால், அந்தச் சந்து வழியாக இருப்பதை நிறுத்தி ரோடாகிவிடும். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழுவை நடைபாதைத் திட்டக் கூட்டத்துக்கு அழைக்கும் நகராட்சி எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்க்க வேண்டும்.

உரிமை கேட்டு நடந்தவர்களின் வரலாறு ஒன்று இருக்கிறது. 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகப் போராடினார்கள். பெரியார் சிறை போனார், நாகம்மையாரும் கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள். மறு ஆண்டு மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1932 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில், வேட்டைக்காக அடைத்துவைத்த புல்வெளியில் நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. வைக்கத்தின் கோரிக்கையும் கிண்டர் ஸ்கவுட்டின் கோரிக்கையும் ஒன்றல்ல, ஒன்றில் மனிதத் தகுதியே பணயம். ஆனால் வெளிப்படையாக, உரிமையோடு என்று சட்டம் கேட்கிற நடையை இருவரும் நடந்து காட்டினார்கள். பெண்களிடமும் அப்படி ஒரு நடை தொடங்கியிருக்கிறது. 2011இல் மும்பையிலிருந்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல், வேலையில்லாமல் வெளியே நிற்கும் உரிமையைக் கேட்டது. 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', கூண்டை உடை, என்று விடுதி வாயில்களில் நின்றார்கள்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பஸ் டிக்கெட்டுக்கு வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டியிருந்த பெண், இப்போது எங்கே போகிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் இரண்டு நிறுத்தம் போய்விட்டு வரலாம். அந்தத் திட்டத்தின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான், சேமிப்பை அல்ல. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிறகு என்ன என்பதுதான் உள்ளாட்சியின் பாடு. அங்கே 2016 முதல் பாதி இடம் பெண்களுக்கு. மண் சுமந்து ஊர்ச் சாலை போட்ட நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். ஆக, பாதையைப் போட்ட கைகளும் அவர்களுடையவை, தீர்மானத்தில் கையெழுத்தும் அவர்களுடையது. கணவர் எழுதிக்கொடுத்த தீர்மானமாக இருந்தாலும் மை அவர்களுடையது. நடக்க மட்டும் நேரமில்லை, நேரம் இருக்கும்போது இடமில்லை.

எங்கள் ஊரில் ஒரு நர்சரி பள்ளிக்கு எதிரே நகராட்சிப் பூங்கா இருக்கிறது. வேப்பமரங்கள், எட்டு வடிவத்தில் கல் பதித்த நடைபாதை, இரண்டு ஊஞ்சல். பதினொன்றரை மணியிலிருந்தே அம்மாக்களும் பாட்டிகளும் பிள்ளைகளை அழைத்துப்போக வந்துவிடுவார்கள். சமையல் முடிந்து, துவைத்துப் போட்டு, அடுத்த வேலை தொடங்குவதற்குள் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் அது. ஸ்கூட்டியின் சீட்டிலும் சாக்கடைத் திண்டிலும் மதில் நிழலிலுமாக முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பூங்கா பூட்டியிருக்கும். காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நான்கு முதல் எட்டு என்று பலகையில் எழுதியிருக்கிறது. ஏன் பகலில் திறப்பதில்லை என்று காவலாளியிடம் கேட்டேன். உள்ளேயிருந்தபடியே, கம்பி வழியாக அந்த முப்பது பேரையும் பார்த்துக்கொண்டே சொன்னார், "அந்த நேரத்துல யாருங்க மேடம் வர்றாங்க?"